கயிறு அவிழ்ந்த மாடிப்படி

நம் வீட்டுக்கு ஒரு முக்கியமான விருந்தாளி வருகிறார் என்றால் நாம் என்ன செய்கிறோம்? கூடத்தைப் பெருக்கித் துடைக்கிறோம். நாற்காலிகளுக்கு உறை மாற்றுகிறோம். அலமாரியிலிருந்து நல்ல கோப்பைகளை எடுத்து வைக்கிறோம். பாதி பின்னிய ஸ்வெட்டர், பழைய பத்திரிகை, குழந்தையின் மரக்குதிரை, தாத்தாவின் மருந்துப் புட்டி எல்லாவற்றையும் ஒரே அள்ளாக அள்ளி உள் அறையில் போட்டுக் கதவைச் சாத்திவிடுகிறோம்! வந்தவர் கூடத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "வீடு என்றால் இதுவல்லவா வீடு!" என்று புகழ்ந்துவிட்டுப் போகிறார். நிஜமான வீடு அந்தச் சாத்திய கதவுக்குப் பின்னால் இருப்பது நமக்குத்தானே தெரியும்?

நியூயார்க் நகரத்திலே ஒரு மாளிகை, தொண்ணூறு வருஷ காலம் வந்தவர்களுக்கெல்லாம் கூடத்தை மட்டுமே காட்டிக்கொண்டிருந்தது. மாடிப்படியின் அடியில் ஒரு கயிறு. கயிற்றுக்கு இந்தப் பக்கம் நாம். அந்தப் பக்கம் பளிங்குப் படிகள் வளைந்து மேலே போகும். 'மேலே என்ன இருக்கிறது?' என்று எண்ணாமல் அந்தக் கயிற்றருகே நின்றவர்கள் யார்தான் இருப்பார்கள்? 2025ஆம் ஆண்டு ஏப்ரல் 17ஆம் தேதி அந்தக் கயிற்றை எடுத்துவிட்டார்கள்.

வாருங்கள், நாமும் ஏறிப் பார்த்துவிட்டு வருவோம். ஆனால் அதற்கு முன்னால், இது யாருடைய வீடு என்பதைத் தெரிந்துகொண்டு போவதுதானே மரியாதை?

கல்கரியும் காசும்

வீட்டுக்கு உடையவர் பெயர் ஹென்றி கிளே ஃபிரிக். 1849ல் பென்சில்வேனியா மாகாணத்தில் ஒரு கிராமத்தில் பிறந்தவர். உருக்கு ஆலைகளின் உலைக்கு வேண்டிய கல்கரியை, நிலக்கரியைச் சூளையில் வேகவைத்துத் தயாரிப்பார்கள். இந்தச் சூளைத் தொழிலில் கடன் வாங்கி இறங்கினார் ஃபிரிக். முப்பது வயதுக்குள் லட்சாதிபதியாகிவிட வேண்டும் என்பது அவருடைய சங்கல்பம், அப்படியே ஆனார். பிறகு உருக்கு மன்னர் ஆண்ட்ரூ கார்னெகியோடு கூட்டுச் சேர்ந்தார். செல்வம் வெள்ளமாய் வந்தது.

இவருக்குச் சித்திரங்களிலே ஒரு பித்து. பிட்ஸ்பர்க் நகரில் வீடு நிறையச் சித்திரம் வாங்கி மாட்டினார். அது போதாமல் 1905ல் நியூயார்க்குக்கு வந்து வாடகை மாளிகையில் குடியிருந்துகொண்டு, ஐந்தாவது அவென்யூவில் எழுபதாம் தெருவின் முனையில் மனை வாங்கி, தாமஸ் ஹேஸ்டிங்ஸ் என்ற கட்டடக் கலைஞரைக் கொண்டு 1913, 1914 ஆண்டுகளில் இந்த மாளிகையைக் கட்டினார். எதிரே 'சென்ட்ரல் பார்க்' என்ற பிரம்மாண்டமான பூங்கா. கட்டும்போதே, தமக்குப் பிறகு இது ஊராருக்குச் சொந்தமாக வேண்டும் என்று மனத்தில் வைத்துக்கொண்டுதான் கட்டினார்.

கீழ்த்தளத்தைப் பற்றி நான் அதிகம் சொல்லப் போவதில்லை. அது உலகம் முழுவதும் புகழ் பெற்றது. டச்சுச் சித்திரக்காரர் வெர்மீர் வரைந்தவை என்று இன்று உலகத்தில் இருப்பவை முப்பத்தைந்தை ஒட்டித்தான்; அதில் மூன்று இந்த ஒரே வீட்டில் இருக்கின்றன! ரெம்பிராண்ட் தம்மைத் தாமே வரைந்துகொண்ட சித்திரம், பெல்லினியின் புனித பிரான்சிஸ், ஹோல்பீன் வரைந்த தாமஸ் மூர், அவருக்கு எதிரே அவருடைய பகைவர் தாமஸ் கிராம்வெல் என்று சொல்லிக்கொண்டே போகலாம். அதெல்லாம் விருந்தாளிக்கான கூடம். நமக்கு வேண்டியது மாடி.

குரங்குகள் வரவேற்கின்றன

அமெரிக்கக் கணக்கில் இது இரண்டாவது தளம். நம் கணக்கில் முதல் மாடி. ஃபிரிக் 1919ல் காலமானார். உயில்படி மனைவி அடிலெய்டு அம்மாள் தம் ஆயுள் வரை இங்கேயே வசித்தார். 1931ல் அந்த அம்மாளும் காலமான பிறகு, ஜான் ரஸ்ஸல் போப் என்ற கட்டடக் கலைஞர் வீட்டைக் காட்சிசாலையாக மாற்றினார். 1935 டிசம்பர் 16ஆம் தேதி கீழ்த்தளம் ஊராருக்குத் திறந்தது. மாடி மட்டும் காரியாலயமாகிவிட்டது. குடும்பத்தார் படுத்து உறங்கிய அறைகளில் மேஜையும் கோப்புகளும் வந்தன. குழந்தைகளைப் பற்றி அம்மாவும் அப்பாவும் பேசிய இடத்தில் அதிகாரிகள் கூட்டம் போட்டார்கள்!

2020ல் மாளிகையை மூடினார்கள். சித்திரங்களையெல்லாம் பக்கத்தில் மாடிஸன் அவென்யூவில் உள்ள வேறொரு கட்டடத்தில் குடிவைத்துவிட்டு, அன்னபெல் ஸெல்டோர்ஃப் என்ற பெண்மணியின் கட்டடக்கலை நிறுவனத்தைக் கொண்டு ஐந்து வருஷம் வேலை நடந்தது. கட்டட வேலைக்கு மட்டும் 22 கோடி டாலர் ஆயிற்று. அதன் பலனாக இன்று மாடியில் பத்துக் காட்சி அறைகள் நமக்குக் கிடைத்திருக்கின்றன.

படியேறி மேலே வந்ததும் முதலில் நிமிர்ந்து விதானத்தைப் பாருங்கள். சீன தேசத்துப் பாணியில் ஒரு வேடிக்கைச் சித்திரம்; அதிலே குரங்குகள்! ஆல்டன் டுவாக்ட்மன் என்பவர் வீடு கட்டிய காலத்தில் தீட்டியது. கீழே புனிதர்களும் பிரபுக்களும் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, மேலே குடும்பத்தார் நடமாடுகிற இடத்தில் குரங்குச் சேஷ்டை! இதைப் பார்த்ததும் எனக்குச் சற்றே ஆறுதலாயிருந்தது. கோடீசுவரர் வீட்டில்கூட யாரோ சிரித்திருக்கிறார்கள்.

காலைப் பலகாரம் எங்கே?

அடுத்தது காலை உணவு அறை. கீழே பிரமாதமான விருந்து மண்டபம் இருக்கிறது, அது வெளியாருக்கு. வீட்டு மனிதர்கள் காலையில் ரொட்டியும் காப்பியும் சாப்பிட்டது இங்கேதான்.

சுவர்களைப் பாருங்கள். ராஜாவும் இல்லை, ராணியும் இல்லை. கோரோ, தோபினி, ரூசோ முதலிய பிரெஞ்சுச் சித்திரக்காரர்கள் வரைந்த ஏரிக்கரை, மரத்தடி, மேகம் கவிந்த வானம், சாயங்கால வெளிச்சம். கண்ணுக்குக் குளிர்ச்சி, அவ்வளவுதான். ஃபிரிக் சித்திரம் வாங்கத் தொடங்கிய காலத்தில் அவர் மனத்துக்குப் பிடித்தவை இந்த மாதிரியானவைதாம். பெரிய பெயர்களைத் துரத்த ஆரம்பித்தது பிற்பாடு. அந்தப் பெரிய பெயர்களைக் கீழே மாட்டிவிட்டு, காலையில் கண் விழித்ததும் பார்ப்பதற்கு இவற்றை வைத்துக்கொண்டார். நாமும் அப்படித்தானே? கூடத்தில் மாட்டுகிற படம் ஒன்று. சமையலறை ஓரத்தில் வைத்துக்கொள்கிற படம் வேறு.

அடிலெய்டு அம்மாளின் அறை

இப்போது வருகிற அறையில் சற்று நின்று பார்க்க வேண்டும். சகோதரிகளே, இந்த மாளிகையில் உங்களுக்கென்றே ஓர் அறை உண்டென்றால் அது இதுதான். வீட்டு எஜமானி தனியாக உட்கார்ந்து கடிதம் எழுதவும், தோழிகளோடு பேசவும், ஒன்றும் செய்யாமல் சும்மா இருக்கவும் அமைத்த அறை.

மாடி அறைகளை அலங்கரிக்கும் பொறுப்பை எல்ஸி டி வுல்ஃப் என்ற பெண்மணியிடம் ஃபிரிக் ஒப்படைத்திருந்தார். முன்பு நாடக மேடையில் நடித்த இந்த அம்மாள், வீடு அலங்கரிப்பதைப் பெண்களுக்கு ஒரு தொழிலாகவே ஆக்கிக்காட்டியவர். ஒரு தடவை பாரிஸில் அபூர்வமான சாமான்கள் விற்பனைக்கு இருப்பதைக் காட்ட ஃபிரிக்கை அழைத்துப் போனாராம். அவரோ கோல்ஃப் ஆடப் போகும் அவசரத்தில் இருந்தார். "அரை மணிதான்" என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே வந்தவர், அந்த அரை மணியில் சுட்டிச் சுட்டி வாங்கித் தள்ளினாராம்! அந்தத் தரகுத் தொகையாலே தாம் செல்வந்தராகிவிட்டதாக எல்ஸி அம்மாளே பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். நாம் ஒரு புடவை எடுக்க ஏறி இறங்கும் கடைகளை நினைத்துப் பாருங்கள்!

அடிலெய்டு அம்மாளின் அறைச் சுவர்களில் பதித்திருப்பவை பிரான்ஸ்வா பூஷே என்ற பிரெஞ்சுச் சித்திரக்காரரும் அவருடைய பட்டறையாரும் 1750ஐ ஒட்டித் தீட்டிய எட்டுப் பலகைகள். 1916ல் வாங்கிப் பதித்தார்கள். 1935ல் காட்சிசாலை திறந்தபோது, 'இதையாவது ஊரார் பார்க்கட்டும்' என்று அறையை அப்படியே பெயர்த்துக் கீழே கொண்டுபோய் அமைத்தார்கள். இப்போது மறுபடியும் பலகை, கணப்பு, மரத்தளம் எல்லாவற்றையும் துண்டு துண்டாகக் கழற்றி, மாடியில் அதன் பழைய இடத்திலேயே பொருத்தியிருக்கிறார்கள். தொண்ணூறு வருஷம் கழித்து அம்மாளின் அறை அம்மாளின் இடத்துக்குத் திரும்பி வந்துவிட்டது.

பலகைகளில் என்ன இருக்கிறது என்கிறீர்களா? குழந்தைகள்! கொழுகொழுவென்று ரோஜாக் கன்னமுள்ள குழந்தைகள், பெரியவர்கள் செய்கிற தொழில்களையெல்லாம் செய்கின்றன. ஒன்று மீன் பிடிக்கிறது, ஒன்று வேட்டையாடுகிறது. ஒன்று சிற்பம் செதுக்குகிறது. ஒன்று சித்திரம் தீட்டுகிறது. ஒன்று கவி பாடுகிறது. மற்றொன்று வான சாஸ்திரம் ஆராய்கிறது. ரசாயன சாஸ்திரிகூட ஒரு குழந்தைதான்! பார்க்கிறவர் முகத்தில் தானே புன்னகை வரும்.

எனக்கும் வந்தது. ஆனால் இந்தக் குழந்தைகளின் நடுவே தினமும் உட்கார்ந்திருந்த அந்தத் தாயின் கதை நினைவுக்கு வந்ததும் புன்னகை போய்விட்டது.

அடிலெய்டுக்கு நான்கு குழந்தைகள். மூத்தவன் சைல்ட்ஸ். அடுத்தவள் மார்த்தா, 1885ல் பிறந்தவள். சிறு குழந்தையாயிருந்தபோது அவள் எப்படியோ ஒரு குண்டூசியை விழுங்கிவிட்டாள். உடனே யாருக்கும் தெரியவில்லை. உள்ளேயே இருந்து அது அவளை வருஷக்கணக்கில் வாட்டி வதைத்தது. 1891 ஜூலை 29ஆம் தேதி, ஆறாவது பிறந்த நாளுக்கு ஒரு வாரம் இருக்கும்போது, குழந்தை கண்ணை மூடிவிட்டது. எத்தனை கோடி இருந்து என்ன? ஒரு குண்டூசியை எடுக்க முடியவில்லை.

தகப்பனார் தம் சொந்தக் காசோலைகளிலே மார்த்தாவின் முகத்தை அச்சடித்து வைத்துக்கொண்டார். அவருடைய கொள்ளுப் பேத்தி ஒருவர் 1998ல் வெளியிட்ட நூலில், ஃபிரிக் வாங்கிய சித்திரங்கள் பலவற்றில் அந்தக் குழந்தையின் சாயலையும் நினைவையுமே தேடினார் என்று வாதிக்கிறார். அப்படித்தான் என்று நிச்சயமாய்ச் சொல்ல யாரால் முடியும்? ஆனால் இந்த அறையில் நின்றால் நம்பத்தான் தோன்றுகிறது.

ஒரு மாதத்தில் நடந்தவை

மறு வருஷம், 1892ல், ஒரு மாத காலத்துக்குள் நடந்தவற்றைத் தேதி வாரியாகச் சொல்கிறேன், கேளுங்கள்.

பிட்ஸ்பர்க்குக்கு அருகே ஹோம்ஸ்டெட் என்ற ஊரில் கார்னெகியின் உருக்கு ஆலை. அங்கே பன்னிரண்டு மணி நேர வேலை, உலையின் வெப்பத்தில். கூலியைக் குறைக்க நிர்வாகம் முனைந்தது. தொழிலாளர் சங்கம் மறுத்தது. கார்னெகி ஸ்காட்லாந்துக்குப் போய்விட்டார். பொறுப்பு ஃபிரிக் கையில். அவர் ஆலையைச் சுற்றி உயரமான வேலி அடைத்தார். தொழிலாளரை வெளியே நிறுத்திக் கதவைப் பூட்டினார். கூலிக்கு அமர்த்திய முந்நூறு காவலாட்களைப் படகுகளில் ஏற்றி, ஆற்று வழியே இரவோடிரவாக வரவழைத்தார்.

ஜூலை 6: ஆற்றங்கரையில் துப்பாக்கிச் சண்டை. இரு தரப்பிலும் சேர்ந்து குறைந்தது பத்துப் பேர் மாண்டார்கள்.

ஜூலை 8: அடிலெய்டுக்கு ஓர் ஆண் குழந்தை பிறந்தது. தகப்பன் பெயரையே வைத்தார்கள்.

ஜூலை 23: அலெக்ஸாண்டர் பெர்க்மன் என்ற இளைஞன் ஃபிரிக்கின் காரியாலய அறைக்குள் நுழைந்து, அவரைத் துப்பாக்கியால் சுட்டுக் கத்தியாலும் குத்தினான். ஃபிரிக் பிழைத்துக்கொண்டார்.

ஆகஸ்டு 3: பிறந்து ஒரு மாதம்கூட ஆகாத அந்தக் குழந்தை இறந்துவிட்டது.

பிரசவித்த உடம்பு, வயிற்றில் பிறந்தது பிழைக்கவில்லை, கணவர் உடலெல்லாம் கட்டோடு படுத்திருக்கிறார், முன் வருஷம்தான் மகளைப் பறிகொடுத்திருக்கிறாள். அதற்குப் பிறகு அடிலெய்டு அம்மாள் பழைய மனுஷியாக ஆகவேயில்லை. நோயும் தலைவலியுமாகத் தம் அறையிலேயே ஒதுங்கிய நாட்கள் அநேகம்.

ஆற்றங்கரையில் விழுந்தார்களே, அவர்கள் வீட்டிலும் தாய்மார் இருந்தார்கள். அவர்களுக்கு ஒதுங்குவதற்குத் தனி அறை ஏது? வேலை நிறுத்தம் நவம்பரில் தோற்றுப் போயிற்று. சங்கமும் ஒடிந்தது. இந்த இரண்டு துக்கங்களையும் ஒரே தராசில் வைத்து நிறுக்க எனக்குத் தெரியவில்லை. ஆனால் பூஷேயின் குழந்தைகளைப் பார்க்கும்போது இரண்டையும் நினைக்காமல் இருக்கவும் முடியவில்லை.

கொல்லன் மகள் பார்த்திருக்க

அடுத்தது வால்நட் மரப் பலகையால் சுவர் முழுவதும் இழைத்த அறை. இது ஃபிரிக்கின் படுக்கையறை. இந்த வீட்டில் அவர் ஐந்து வருஷமே வாழ்ந்தார். 1919 டிசம்பர் 2ஆம் தேதி, எழுபது வயது நிறைவதற்குப் பதினேழு நாள் இருக்கும்போது, இந்த அறையிலேயே உயிர் நீத்தார்.

கணப்புக்கு மேலே, அவர் காலத்தில் இருந்த இடத்திலேயே, ஒரு பெண்ணின் சித்திரம் மறுபடி வந்திருக்கிறது. ஜார்ஜ் ராம்னி 1782ல் வரைந்தது. சிவப்பு உடை, கையணைப்பில் ஒரு நாய்க்குட்டி, கபடமில்லாத சிரிப்பு. அவள் பெயர் எம்மா. அப்போது வயது பதினேழு இருக்கும். இங்கிலாந்தில் ஓர் ஏழைக் கொல்லனின் மகள். வீட்டு வேலை செய்து வயிறு வளர்த்தவள். பிற்பாடு நேப்பிள்ஸ் நகரில் ஆங்கில ராஜதூதரான ஹாமில்டன் பிரபுவுக்கு மனைவியானாள். கடற்படைத் தளபதி நெல்ஸனின் காதலியாகி உலகப் பிரசித்தி பெற்றாள். கடைசியில் கடனாளியாகி, 1815ல் பிரான்ஸ் தேசத்துக் கடற்கரை ஊரில் வறுமையில் இறந்தாள்.

பாருங்கள் இந்த விந்தையை! இரும்பு அடிக்கிறவர்களோடு மல்லுக்கு நின்ற மனிதர், இரும்பு அடித்தவன் மகளின் முகத்தைத் தினமும் பார்த்துக்கொண்டே கண் விழித்தார். அவள் பார்த்திருக்கவே கண்ணை மூடினார்.

இதே அறையில் இன்று இன்னொரு சீமாட்டியும் இருக்கிறாள். பிரெஞ்சுச் சித்திரக்காரர் ஆங்க்ரே 1845ல் வரைந்து முடித்த ஹோஸொன்வில் பிரபுவின் மனைவி. நீலப் பட்டாடை, மோவாயில் ஒரு விரல், பின்னால் கண்ணாடியில் கூந்தலின் பின்புறமும் சிவப்பு ரிப்பனும் தெரிகின்றன. அந்தப் பட்டின் மடிப்பு ஒவ்வொன்றையும் பார்க்க வேண்டுமே! தொட்டால் சரசரக்கும் என்று தோன்றும். இதை வாங்கியது ஃபிரிக் அல்ல. அவர் இறந்து எட்டு வருஷம் கழித்து, 1927ல் வாங்கினார்கள். அப்படி வாங்கிச் சேர்த்ததில் முக்கியப் பங்கு ஒரு பெண்ணுக்கு உண்டு. அவள் அறைக்குத்தான் இப்போது போகிறோம்.

மகள் ஹெலன்

மார்த்தா இறந்தபோது ஹெலனுக்கு மூன்று வயது நிறையவில்லை. அந்த வீட்டில் எஞ்சிய ஒரே பெண். தகப்பனாருக்குச் செல்லம், அவரோடு சித்திரம் பார்க்கப் போவதும், சித்திரங்களைப் பற்றிப் பேசுவதும் அவள்தான். இருபத்தாறாவது வயதில் இந்த வீட்டுக்கு வந்தாள்.

அமெரிக்கப் பணக்கார வீடுகளில் பெண்ணுக்கு வயது வந்ததும் பெரிய விருந்து வைத்துச் சமூகத்துக்கு அறிமுகம் செய்விப்பார்கள். 1908ல் ஹெலனுக்கு அந்த விருந்து நடந்தபோது, "என்ன பரிசு வேண்டும்?" என்று தகப்பனார் கேட்டார். வைரமா கேட்டாள்? முத்தா கேட்டாள்? பிட்ஸ்பர்க் குழந்தைகள் விளையாட ஒரு பூங்கா கேட்டாள்! தகப்பனார் உயிலில் 151 ஏக்கர் நிலம் எழுதி வைத்தார். ஃபிரிக் பூங்கா 1927ல் திறந்தது. இன்றும் அங்கே குழந்தைகள் விளையாடுகிறார்கள். மறு வருஷம், 1909ல், மாஸசூஸெட்ஸ் மாகாணத்தில் ஆலைகளில் வேலை செய்யும் பெண்கள் விடுமுறையில் வந்து தங்கி இளைப்பாற ஒரு விடுதியும் ஏற்படுத்தினாள். ஹோம்ஸ்டெட் ஆலைக் கதவைப் பூட்டியவரின் மகள் செய்த காரியம் இது.

தகப்பனார் இறந்ததும் ஹெலனுக்குக் கிடைத்த பங்கு மூன்று கோடியே எண்பது லட்சம் டாலர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. 1920ல் சித்திரக்கலை ஆராய்ச்சிக்கென ஒரு நூலகம் தொடங்கினாள். எங்கே தெரியுமா? வீட்டின் நிலவறையில், விருந்தாளிகள் பந்துருட்டி விளையாடுவதற்காகக் கட்டிய நீண்ட கூடத்தில்! உலகத்திலுள்ள சித்திரங்களின் புகைப்படங்களை ஆள் அனுப்பித் திரட்டினாள். இரண்டாம் உலக யுத்தத்தின்போது, 1943ல், அந்த நூலகத்தை மாதக் கணக்கில் மூடிவிட்டு, உள்ளே அறிஞர்கள் தேசப் படங்கள் தயாரித்தார்கள். ஐரோப்பாவில் குண்டு போடும் விமானிகள் எந்தெந்தக் கோயிலையும் கலைச் செல்வத்தையும் தவிர்க்க வேண்டும் என்று குறித்துக் காட்டும் படங்கள். பந்துருட்டும் கூடத்தில் ஒரு பெண் தொடங்கிய காரியம், கடல் கடந்து போய்க் கோயில்களைக் காக்க உதவியது.

ஹெலன் உறங்கிய அறையில் இப்போது பழைய இத்தாலியச் சித்திரங்கள், தங்க ரேக்குப் பின்னணியில் மினுமினுக்கின்றன. பெரிய ஓவியங்களை விரும்பிய தகப்பனாருக்கு இவற்றில் நாட்டமில்லை, மகளுக்குத்தான் நாட்டம். துச்சியோ என்பவர் எழுநூறு வருஷங்களுக்கு முன் வரைந்தது ஒரு முழச் சதுரம் இருக்கும். மலை உச்சியில் சாத்தான் ஏசுநாதருக்கு உலகத்து ராஜ்யங்களையெல்லாம் காட்டி, "என்னை வணங்கு, இவை உனக்கே" என்று ஆசை காட்டுகிறான். அவரோ கையை நீட்டி விரட்டுகிறார். காலடியில் சின்னச் சின்னப் பொம்மை ஊர்கள். கோடிகளுக்கு வாரிசான பெண் மனம் வைத்து வாங்கச் செய்த சித்திரம் இது! பக்கத்திலே சிமாபுவே என்பவரின் இன்னொரு சித்திரம். உயரம் ஒரு சாணை ஒட்டித்தான்.

ஹெலனிடம் குறையே இல்லையா? உண்டு. தகப்பனாரைப் பற்றி ஒரு சொல் பொறுக்கமாட்டாள். ஃபிரிக் தொழிலாளரிடம் கடுமையாக நடந்தார் என்று ஒரு சரித்திர ஆசிரியர் தம் புத்தகத்தில் எழுதியதற்காக, 1965ல் கோர்ட்டுக்கே போனாள். 1967ல் வழக்குத் தள்ளுபடியாயிற்று. தகப்பனார் சேர்த்தவற்றோடு பிறர் அன்பளிப்புகளைக் கலக்கக் கூடாது என்று நிர்வாகிகளோடு போராடி, 1961ல் நிர்வாகக் குழுவிலிருந்தே விலகினாள். 1984ல், தொண்ணூற்றாறு வயதில் காலமானாள். அப்பாவைக் காப்பாற்றியே ஆக வேண்டும் என்று ஆயுள் முழுவதும் ஒரு மகள் கோட்டை கட்டினாள். அது தவறென்று சொல்லச் சுலபம். அவள் இடத்தில் நாம் இருந்தால் என்ன செய்திருப்போம்?

இன்னும் சாத்தியிருப்பவை

மற்ற அறைகளில் சின்னச் சின்ன வஸ்துக்கள். பழைய கடிகாரங்கள், பதக்கங்கள், பீங்கான் பாத்திரங்கள். கீழே பெரிய மண்டபங்களில் வைத்தால் இவை காணாமலே போய்விடும். குனிந்து, கண்ணை அருகே கொண்டுபோய்ப் பார்க்க வேண்டியவற்றுக்கு வீட்டு அறைதான் பொருத்தம்.

எல்லாக் கதவும் திறந்துவிட்டதா? இல்லை. இதற்கும் மேலே ஒரு மாடி உண்டு. இருபதுக்கும் மேற்பட்ட வேலைக்காரர்கள் குடியிருந்த மாடி அது. வெள்ளிப் பாத்திரம் துலக்கியவர்கள், படுக்கை விரித்தவர்கள், அடிலெய்டு அம்மாளுக்குத் தலைவலி வந்த இரவுகளில் வெந்நீர் கொண்டுவந்தவர்கள் எல்லாரும் அங்கேதான் படுத்தார்கள். நிலவறையில் அந்தப் பந்துருட்டும் கூடமும் பழைய மெருகோடு அப்படியே இருக்கிறது. அதுவும் பார்வைக்கு இல்லை. வேலைக்காரர்களின் மாடியையும் ஒரு நாள் திறந்தால், நான் முதலில் அங்கேதான் ஏறுவேன்.

இறங்கிப் போகும்போது ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன். சித்திரங்களுக்கும் சாமான்களுக்கும் இந்த வீட்டில் அதிகமாய்த் தடுப்பு வைப்பதில்லை. வீடு போலவே இருக்க வேண்டும் என்பது எண்ணம். அதனால் பத்து வயது நிரம்பாத குழந்தைகளுக்கு அனுமதி இல்லை. நியாயமான ஏற்பாடுதான். விலைமதிப்பற்ற பீங்கான், ஒரு கை பட்டால் போயிற்று.

ஆனால் மாடியில் சுவர் நிறையப் பூஷேயின் குழந்தைகள் மீன் பிடித்துக்கொண்டும் பாடிக்கொண்டும் இருக்கின்றன. ஐந்து வயது மார்த்தா இன்று உயிரோடு எழுந்து வந்தாலும், "பத்து வயது ஆகட்டும், அம்மா" என்று வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள்.

நீங்கள் அங்கே போக நேர்ந்தால், அடிலெய்டு அம்மாளின் அறையில் கூட்டம் சற்று நகரும் வரை பொறுத்திருங்கள். அந்தக் குழந்தைகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள். பிறகு, வீடு திரும்பியதும் முதல் வேலையாகத் தையல் பெட்டியைத் திறந்து, குண்டூசிகளை எண்ணி மூடி வையுங்கள். நான் அதைத்தான் செய்தேன்.